குவாத்தமாலாவுக்கு ஏன் போகணும்? எரிமலை, மாயன் நகரம், சுருட்டு பிடிக்கும் சாமி... முழு விவரம்!

மத்திய அமெரிக்கா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது இரண்டே விஷயங்கள். ஒன்று பனாமா கால்வாய். இன்னொன்று, அமெரிக்க எல்லையை நோக்கி நடந்து போகும் மக்கள் கூட்டம். சுற்றுலா என்று யோசிக்கும்போது அந்தப் பக்கம் கை நீள்வதே இல்லை. ஆனால் மெக்சிகோவுக்குத் தெற்கே இருக்கும் குவாத்தமாலாவுக்குப் போய் வந்தவர்களிடம் பேசினால், 'இன்னொரு வாரம் இருந்திருக்கலாம்' என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

பரப்பளவு சுமார் 1,08,900 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சின்னது. அதற்குள் 30-க்கும் மேற்பட்ட எரிமலைகள், ஒரு பக்கம் பசிபிக் கடல், மறுபக்கம் கரீபியன் கடல், வடக்கே பெரும் காடு, நடுவே குளிர்ந்த மலைநாடு. அதே நாட்டில்தான் 36 ஆண்டு உள்நாட்டுப் போரும் நடந்தது. இன்றும் சில பகுதிகளில் கும்பல் வன்முறை இருக்கிறது. போகலாமா, வேண்டாமா? போனால் எங்கே போகலாம், எதில் ஜாக்கிரதையாக இருக்கணும்? பார்க்கலாம்.

மாயன்கள் அழிந்துவிட்டார்களா?

முதலில் இந்த ஒரு தவறான எண்ணத்தைச் சரி செய்துவிடலாம். 'மாயன்கள் மர்மமாக மறைந்தார்கள்' என்ற வரியைப் பல முறை கேட்டிருப்போம். 2012 டிசம்பர் 21-ல் உலகம் அழியும் என்று சொல்லி மாயன் காலண்டரை வைத்து டிவி சேனல்கள் ஓட்டிய ஓட்டம் நினைவிருக்கும். உண்மையில் அன்று நடந்தது, மாயன் நீள் கணக்கில் ஒரு பெரிய சுற்று முடிந்து அடுத்தது தொடங்கியது, அவ்வளவுதான். வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் 99,999 தாண்டினால் வண்டி வெடித்துவிடுமா என்ன?

குவாத்தமாலாவில் 2018-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 10 பேரில் 4 பேருக்கு மேல் தங்களை மாயன்கள் என்றே பதிவு செய்திருக்கிறார்கள். கிச்சே, கெக்சி, காக்சிக்கெல், மாம் என்று 22 மாயன் மொழிகள் அங்கே பேசப்படுகின்றன. சந்தையில், பஸ்ஸில், பள்ளிக்கூட வாசலில் காதில் விழுவது பல இடங்களில் ஸ்பானிஷ் அல்ல, இந்த மொழிகள்தான். பிற நாடுகளில் பழைய நாகரிகத்தைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குப் போகணும். இங்கே அதன் வாரிசுகள் உங்களுக்குத் தக்காளி விற்பார்கள்.

மறைந்தது மக்கள் அல்ல, சில பெரிய நகரங்கள். அதில் முக்கியமானது வடக்கே பெத்தேன் காட்டுக்குள் இருக்கும் டிக்கால். கி.பி. 8-ம் நூற்றாண்டில் உச்சத்தில் இருந்த இந்த நகரத்தில் தேதி பொறித்த கடைசி கல்தூண் 869-ம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்பின் வறட்சி, ஓயாத போர்கள், மண் வளம் குறைந்தது எல்லாம் சேர்ந்து மக்கள் நகரத்தைக் கைவிட்டார்கள் என்பது ஆய்வாளர்களின் கருத்து. மரங்கள் மூடிக்கொண்டன.

இப்போது அங்கே போனால், மரத்தாலான படிக்கட்டில் ஏறி நான்காம் கோயிலின் மேலே நிற்கலாம். உயரம் சுமார் 65 மீட்டர். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சைக் காடு, அதைக் கிழித்துக்கொண்டு மேலே எழும் இரண்டு மூன்று கோபுரங்களின் கல் உச்சி. 1977-ல் வெளிவந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் காட்டுக் காட்சி இங்கிருந்து எடுக்கப்பட்டதுதான். விடியற்காலையில் போனால் பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியாமல் போகும் வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த இருட்டில் ஊளைக் குரங்குகள் கத்துவதைக் கேட்டால், புலி வந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அதற்காகவே போகலாம்.

டிக்காலில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் தண்ணீர். பெரிய ஆறு எதுவும் பக்கத்தில் இல்லை. மழைநீரைத் தேக்கி வைத்த குளங்களை நம்பித்தான் அத்தனை பெரிய நகரம் வாழ்ந்தது. அதில் ஒரு குளத்தில், ஜியோலைட் என்ற கனிமத்தையும் மணலையும் வைத்து தண்ணீரை வடிகட்டியிருக்கிறார்கள் என்று 2020-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2,000 ஆண்டுக்கு முந்தைய வாட்டர் ஃபில்டர்! கைடு பெரும்பாலும் கோயில்களைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். குளங்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

விமானத்திலிருந்து லேசர் கதிர்களைப் பாய்ச்சி அந்தக் காட்டை அளந்து, முடிவை 2018-ல் வெளியிட்டார்கள். லைடார் என்று பெயர். 2,100 சதுர கிலோமீட்டருக்குள் 60,000-க்கும் மேற்பட்ட கட்டட அமைப்புகள் தெரிந்தன. வீடுகள், மேட்டுச் சாலைகள், கோட்டைச் சுவர்கள், வாய்க்கால்கள். அதாவது, நீங்கள் டிக்காலில் பார்ப்பது கொஞ்சம்தான். காலடியில் இருப்பது அதைவிட அதிகம்.

எரிமலையைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம்... ஆனால்!

குவாத்தமாலாவுக்கு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் போவதற்கு இன்ஸ்டாகிராம்தான் காரணம் என்று சொன்னால் தப்பில்லை. அகாட்டெனாங்கோ என்ற 3,976 மீட்டர் எரிமலையில் ஏறி, இரவு கூடாரத்தில் தங்கி, எதிரே இருக்கும் ஃபுவேகோ எரிமலை நெருப்பைக் கக்குவதைப் பார்ப்பார்கள். ஃபுவேகோ என்றால் ஸ்பானிஷில் நெருப்பு. அது சுறுசுறுப்பாக இருக்கும் நாட்களில் ஒரு மணி நேரத்துக்குப் பல முறை வெடிக்கும். முதலில் சிவப்பாகச் சிதறும், சில நொடி கழித்துத்தான் சத்தம் வந்து சேரும்.

ஏறுவது லேசுப்பட்ட வேலை இல்லை. நடக்கத் தொடங்கும் இடமே சுமார் 2,400 மீட்டர். ஊட்டியில் நம் தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் கணக்குப் புரியும். முகாம் இடத்துக்குப் போய்ச் சேர நாலு முதல் ஆறு மணி நேரம் செங்குத்தான ஏற்றம், காலுக்குக் கீழே சறுக்கும் எரிமலைச் சாம்பல். இரவில் குளிர் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். 2017 ஜனவரியில் போதிய கம்பளி இல்லாமல் குளிரில் சிக்கி மலையேறிகள் இறந்த சம்பவமும் இதே மலையில்தான். வாடகைக்கு ஜாக்கெட் தருகிறார்களா, கூடாரம் ஏற்கெனவே போட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள். சில வாரங்கள் ஃபுவேகோ அமைதியாகிவிடுவதும் உண்டு. 'கண்டிப்பா வெடிக்கும்' என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீங்க.

இந்த அழகின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2018 ஜூன் 3, ஞாயிற்றுக்கிழமை. ஃபுவேகோவிலிருந்து கொதிக்கும் வாயு, சாம்பல், பாறை மூன்றும் கலந்த ஓட்டம் மலைச்சரிவில் பாய்ந்தது. இது நாம் படங்களில் பார்க்கும், மெதுவாக நகரும் லாவா அல்ல. பல நூறு டிகிரி வெப்பம், கார் வேகத்தைத் தாண்டிய பாய்ச்சல். ஓடித் தப்பிக்க முடியாது. சான் மிகேல் லாஸ் லோட்டெஸ் என்ற கிராமம் அப்படியே புதைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், இன்னும் பலர் காணாமல் போனவர்கள் பட்டியலிலேயே இருக்கிறார்கள். அருகிலிருந்த ஒரு சொகுசு ரிசார்ட்டில் இருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்தார்கள். கிராமத்துக்கு மட்டும் எச்சரிக்கை நேரத்துக்கு வந்து சேரவில்லை. இதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அங்கே பெரிய அரசியல் விவாதமானது.

எதிர்மலையில் உட்கார்ந்து சூடான சாக்லேட் குடித்தபடி வெடிப்பை ரசிக்கும்போது, அதே மலையடிவாரத்தில் வாழ்பவர்களுக்கு அது வேறு ஒன்று என்பது மனதில் இருந்தால் நல்லது. இப்போது சில குழுக்கள் ஃபுவேகோவின் முகட்டுக்கே அழைத்துப் போகின்றன. எங்கள் கருத்தைக் கேட்டால், அது தேவையில்லாத ரிஸ்க். முகாமிலிருந்தே எல்லாம் தெரிகிறது. அவ்வளவு ஏற முடியாதவர்களுக்கு பாக்காயா என்ற சின்ன எரிமலை இருக்கிறது, அரை நாளில் போய் வரலாம்.

ஆன்டிகுவா: இடிந்ததால் பிழைத்த ஊர்

இந்த மலைகளுக்கெல்லாம் தங்குமிடம் ஆன்டிகுவா. ஸ்பானியர் காலத்தில் மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதியை ஆண்ட தலைநகரம் இது. 1773-ல் வந்த நிலநடுக்கத்தில் நொறுங்கியது. தலைநகரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், அதுதான் இன்றைய குவாத்தமாலா சிட்டி. கைவிடப்பட்டதால் ஆன்டிகுவாவை யாரும் இடித்துப் புதிதாகக் கட்டவில்லை. பாதி இடிந்த தேவாலயங்கள், கல் பாவிய தெருக்கள், மஞ்சள் வளைவு, தெருமுனையில் எரிமலை. 1979-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் போனால் தெருக்களைப் பார்க்கணும். சாயம் போட்ட மரத்தூள், பூக்கள், பைன் இலைகளை வைத்து இரவு முழுக்க வீதியில் கம்பளம் போல் கோலம் போடுவார்கள். சில கோலங்கள் தெரு நீளத்துக்குப் போகும். காலையில் சிலுவை ஊர்வலம் அதன் மேலேயே நடந்து போகும். பின்னாலேயே கூட்டிப் பெருக்கும் வண்டி வரும். அடுத்த ஊர்வலத்துக்கு மறுபடியும் போடுவார்கள். அந்த வாரம் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு, பல மாதம் முன்பே பிடிக்கணும்.

சுருட்டு, சாராயம் கேட்கும் சாமி

ஆன்டிகுவாவிலிருந்து வேனில் மூன்று மணி நேரம் போனால் அட்டிட்லான் ஏரி. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு பிரமாண்ட எரிமலை வெடிப்பில் உண்டான பள்ளம்தான் இன்று ஏரி. ஆழம் 300 மீட்டரைத் தாண்டும். கரையில் மூன்று எரிமலைகள், சுற்றிலும் மாயன் கிராமங்கள். ஊருக்கு ஊர் படகில்தான் போக்குவரத்து. மதியத்துக்கு மேல் காற்று எழும்பினால் படகு தூக்கித் தூக்கிப் போடும், அதனால் காலையிலேயே கிளம்புவது நல்லது.

ஏரிக்கரையில் சான்டியாகோ அட்டிட்லான் என்ற ஊர். அங்கே மாஷிமோன் என்றொரு தெய்வம். மரத்தாலான உருவம், தலையில் தொப்பி, கழுத்தில் அடுக்கடுக்காகத் துணிகள், வாயில் சுருட்டு. பக்தர்கள் சாராயமும் சிகரெட்டும் படைத்து வேண்டிக்கொள்கிறார்கள். நிலையான கோயில் இல்லை, ஒவ்வொரு ஆண்டும் ஊரில் ஒருவர் வீட்டுக்கு மாறிப் போவார். கத்தோலிக்கமும் மாயன் வழிபாடும் கலந்து உருவான சாமி. சர்ச் அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை, மக்கள் விடவும் இல்லை. சுருட்டும் சாராயமும் படைக்கும் கருப்பசாமி, முனியாண்டி கோயில்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. வெளிநாட்டுப் பயணிகள்தான் வாயைப் பிளந்து நிற்கிறார்கள். உள்ளே போக ஒரு சின்ன தொகை, போட்டோ எடுக்கத் தனித் தொகை கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள்.

ஏரிக்கரைக் கிராமங்களிலும், வியாழன், ஞாயிறு கூடும் சிச்சிகாஸ்டெனாங்கோ சந்தையிலும் உங்களை நிறுத்துவது துணிதான். பெண்கள் அணியும் உய்பில் என்ற மேல்சட்டை, இடுப்பில் கட்டிக்கொண்டு நெய்யும் தறியில் வருவது. ஊருக்கு ஊர் வடிவம் வேறு. பார்த்தவுடன் எந்த ஊர்ப் பெண் என்று சொல்லிவிடுவார்கள். ஒன்றை நெய்ய மாதக்கணக்கில் ஆகும். அதனால் பேரம் பேசுங்கள், ஆனால் பாதிக்குப் பாதி குறைக்காதீர்கள். இந்த வடிவங்களை நிறுவனங்கள் இயந்திரத்தில் அச்சடித்து விற்பதை எதிர்த்து நெசவாளப் பெண்கள் அங்கே நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். சந்தையில் மிக மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அந்த இயந்திரத் துணிதான்.

போடிக்கும் கோபானுக்கும் என்ன சம்பந்தம்?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்பவர்களுக்கு குவாத்தமாலா என்ற பெயர் புதிதல்ல. உலகச் சந்தையில் இந்திய ஏலக்காய்க்குப் பெரிய போட்டியே அந்த நாடுதான். அங்கே விளைச்சல் குறைந்தால் இங்கே விலை ஏறும், அங்கே அமோகமாக விளைந்தால் இங்கே முகம் சுருங்கும்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் செடி 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டக்காரர்கள் மூலம் அங்கே போனது. கோபான் நகரைச் சுற்றியுள்ள ஆல்ட்டா வெராபாஸ் மலைகளின் மழையும் நிழலும் அதற்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டன. இன்று உலகிலேயே அதிக அளவில் ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் நாடு குவாத்தமாலா. வேடிக்கை என்னவென்றால், அந்த ஊர் சமையலில் ஏலக்காய்க்கு இடமே இல்லை. பெரும்பகுதி அரபு நாடுகளின் காப்பிக்குப் போய்விடுகிறது. பயிரிடுபவர்கள் பெரும்பாலும் கெக்சி மாயன் சிறு விவசாயிகள். விலை நிர்ணயம் இடைத்தரகர்கள் கையில்.

அந்த மலைப்பாதையில்தான் செமுக் சாம்பேய்க்குப் போகிறோம். காஹபோன் ஆறு சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் புகுந்து ஓட, அந்த இயற்கைப் பாலத்தின் மேலே சுமார் 300 மீட்டருக்கு அடுக்கடுக்காகப் பச்சை நீலக் குளங்கள். குளிக்கலாம். போகும் வழி ரொம்ப மோசம், கடைசி தூரம் பிக்கப் வண்டியில் நின்றுகொண்டே. நுழைவுக் கட்டணம் யாருக்கு என்பதில் உள்ளூர் மக்களுக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு வந்து மூடப்பட்டதும் உண்டு, அதனால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் போர் பற்றித் தெரிந்துகொண்டு போங்கள்

1954-ல், நிலச்சீர்திருத்தம் கொண்டுவந்த அதிபர் ஹகோபோ அர்பென்ஸை அமெரிக்காவின் சிஐஏ பின்னணியில் நின்று கவிழ்த்தது. அவர் கையகப்படுத்திய தரிசு நிலங்களில் அமெரிக்க வாழைப்பழ நிறுவனமான யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியின் நிலமும் அடக்கம். 1960-ல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1996 டிசம்பரில்தான் முடிந்தது. இரண்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள். அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதம் மாயன்கள், மீறல்களில் 93 சதவீதத்துக்கு ராணுவமும் அதைச் சார்ந்த படைகளுமே காரணம் என்று ஐ.நா. ஆதரவிலான உண்மை ஆணையம் 1999-ல் சொன்னது. முன்னாள் ராணுவ ஆட்சியாளர் ரியோஸ் மொன்ட்டுக்கு 2013-ல் இனப்படுகொலை, மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்காக 80 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. பத்தே நாளில் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறுவிசாரணை முடியும் முன்பே 2018-ல் அவர் இறந்துவிட்டார்.

நீங்கள் படகில் சுற்றும் அதே சான்டியாகோ அட்டிட்லானில் 1990 டிசம்பரில் நிராயுதபாணியான மக்கள் மீது ராணுவம் சுட்டது. மக்கள் ஒன்று திரண்டு, ராணுவமே எங்கள் ஊரை விட்டு வெளியேறு என்று சொல்லி, வெளியேறவும் வைத்தார்கள். தலைநகரில் 'காசா தெ லா மெமோரியா' என்ற நினைவகம் இந்த வரலாற்றைச் சொல்கிறது. போர் என்றால் என்ன, காணாமல் போனவரைத் தேடுவது என்றால் என்ன என்பதை அறிந்த குடும்பங்களுக்கு அங்கே மொழிபெயர்ப்பே தேவைப்படாது. முதியவர்களிடம் நீங்களாக இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். அவர்கள் சொன்னால் கேளுங்கள்.

பாதுகாப்பு எப்படி?

மழுப்பாமல் சொன்னால், கவனம் தேவைப்படும் நாடு. குற்றங்களில் பெரும்பகுதி கும்பல்கள், மிரட்டிப் பணம் பறிப்பது சம்பந்தப்பட்டவை. அவை தலைநகரின் சில மண்டலங்களில்தான் அதிகம், பயணிகள் அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை. விமான நிலையத்திலிருந்து நேராக ஆன்டிகுவாவுக்குக் கிளம்புவதுதான் பலரின் வழக்கம். இருட்டிய பிறகு ஊர் விட்டு ஊர் சாலைப் பயணம் வேண்டாம். அமெரிக்காவின் பழைய பள்ளிப் பேருந்துகளுக்கு வண்ணம் அடித்து ஓட்டும் 'சிக்கன் பஸ்' பார்க்க ஜோராக இருக்கும். பகலில் கிராமப் பக்கம் சின்ன தூரத்துக்கு ஏறிப் பார்க்கலாம், தலைநகருக்குள் வேண்டாம். நீண்ட தூரத்துக்குப் பயணிகள் வேன் கிடைக்கிறது. மலையேற்றத்துக்கு உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள், பாதைகளில் வழிப்பறி நடந்திருக்கிறது.

எப்படிப் போவது? எவ்வளவு நாள்?

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. மாட்ரிட் வழியாகவோ, அமெரிக்கா வழியாகவோ, மெக்சிகோ வழியாகவோ போகணும். அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறினாலே அந்த நாட்டு விசா வேண்டும் என்பதை டிக்கெட் போடும் முன் கவனியுங்கள். குவாத்தமாலாவுக்கு டெல்லியில் தூதரகம் இருக்கிறது. விசா விதிகளை அங்கே கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகரகுவா நான்கும் ஒரே பயண ஒப்பந்தத்தில் இருப்பதால் 90 நாள் கணக்கு நான்குக்கும் சேர்த்துத்தான்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை இல்லாத காலம். நவம்பர் 1-ம் தேதி அங்கே இருக்க முடிந்தால் சும்பாங்கோவுக்கோ, சான்டியாகோ சகாட்டெபெக்கெஸுக்கோ போய்விடுங்கள். இறந்தவர்களை நினைத்து பல மீட்டர் அகலத்தில் காகிதப் பட்டம் செய்து கல்லறைத் தோட்டத்தின் அருகே நிறுத்துகிறார்கள். டிக்காலையும் சேர்த்துப் பார்க்கக் குறைந்தது பத்து நாள் வேண்டும். தலைநகரிலிருந்து ஃப்ளோரெஸுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம், சாலையில் போனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். பணத்தின் பெயர் கெட்சால். ஒரு டாலருக்கு ஏழரை முதல் எட்டு கெட்சால் வரை. கூடுதலாக நாள் இருந்தால் ஆன்டிகுவாவிலோ கெட்சால்டெனாங்கோவிலோ ஒரு வாரம் ஸ்பானிஷ் கற்கலாம். ஒரு மாணவருக்கு ஒரு ஆசிரியர், உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கல், சாப்பாடு. ஸ்பெயினில் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு.

சாப்பாட்டில் சோளம்தான் எல்லாம். மாயன்களின் புனித நூலான போப்போல் வூவில் மனிதனே சோள மாவால் செய்யப்பட்டவன்தான். சுண்ணாம்பு சேர்த்து வேகவைத்து அரைத்த மாவில் தட்டிய சூடான டோர்ட்டியா, கருப்பு பீன்ஸ், அவகாடோ, பொரித்த வாழைப்பழம் எங்கும் கிடைக்கும். அசைவம் சாப்பிடுபவர்கள் வறுத்த மிளகாயும் விதைகளும் அரைத்துச் செய்யும் பெப்பியான் குழம்பை விடாதீர்கள், நம் நாக்குக்குப் பிடிக்கும். சைவர்கள் மட்டும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பீன்ஸைப் பல கடைகளில் பன்றிக் கொழுப்பில் தாளிக்கிறார்கள். ஆர்டர் சொல்லும்போதே 'சின் மன்டேக்கா' என்று சொல்லிவிடுங்கள், கொழுப்பு போடாமல் செய்து கொடுப்பார்கள்.